எழுத்தோடு மல்லாடும் பிள்ளை

சென்ற திங்களில் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவர், நான்காம் வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவனின் தாய். "கதை சொன்னால் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்கிறான். மின்விசிறி நின்றுபோனால் எங்கே பழுது என்று அவன் தந்தைக்கு அவனே காட்டுகிறான். புத்தகத்தைத் திறந்தாலோ ஊமையாகிவிடுகிறான். நேற்றுப் படித்த சொல்லை இன்று கண்டால், பிறந்ததிலிருந்து பார்த்தறியாததைப் போல் விழிக்கிறான். ஆசிரியை சோம்பேறி என்கிறார். அவன் தந்தை பிரம்பை எடுக்கிறார். விடுதியில் சேர்த்தால்தான் திருந்துவான் என்கிறார். இரவில் விளக்கை அணைத்த பிறகு, 'அம்மா, நான் மக்கா?' என்று கேட்கிறான். நான் என்ன சொல்வது?"

அத்தாய்க்குத் தனியே மறுமொழி எழுதிவிட்டோம். ஆயினும் இஃது ஒரு வீட்டுச் செய்தியன்று. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு மூன்று பேரேனும் இவ்வாறு எழுத்தோடு மல்லாடிக்கொண்டிருப்பர் என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. எங்கே கோடு கிழித்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து இவ்வெண்ணிக்கை கூடும், குறையும். எங்கள் பள்ளியில் அப்படி ஒருவரும் இல்லை என்று ஒரு தலைமையாசிரியர் சொல்வாரானால், அவர் இன்னும் தேடவில்லை என்றே நாம் கொள்வோம்.

இதனை மருத்துவர் 'டிஸ்லெக்ஸியா' என்பர். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் 1887-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இச்சொல்லை ஆண்டார். அவர் கண்டவர்கள் மூளையில் நோய் தாக்கியதால் படிக்கும் ஆற்றலை இழந்த பெரியவர்கள். பிறவியிலேயே இக்குறையுடைய பிள்ளைகளும் உண்டு என்பதை உலகுக்கு உணர்த்திய முதற்குறிப்புகளுள் ஒன்று, 1896-ஆம் ஆண்டு நவம்பரில் ஆங்கில மருத்துவ இதழொன்றில் வந்தது. எழுதியவர் பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர். ஊர், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சீஃபோர்டு. அவர் கண்ட சிறுவனுக்கு வயது பதினான்கு, பெயர் பெர்சி. ஏழு வயது முதல் நல்லாசிரியர்கள் முயன்று கற்பித்தும் அவனால் சிறு சொற்களைக்கூடத் தட்டுத் தடுமாறியே படிக்க முடிந்தது. தன் பெயரையே எழுத்து மாறிப் 'பிரெசி' என்று எழுதினான். பிறர் சுட்டிக்காட்டும் வரை அதை அவன் உணரவுமில்லை. அதே சிறுவன் 749-ஐ 867-ஆல் விரைந்து பெருக்கிச் சரியான விடை தந்தான்! பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கூறியதையும் மருத்துவர் குறித்து வைத்தார்.

நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாயின. அந்த ஆசிரியர் கண்டதை இன்னும் காணாத பெற்றோர் நம்மிடையே எத்தனை பேர்!

பேச்சு வேறு, எழுத்து வேறு என்பதை முதலில் உணர்தல் வேண்டும். பேச்சைக் குழந்தை தானே பற்றிக்கொள்கிறது. தாய்மடியில் கிடந்தபடியே, எவரும் பாடம் நடத்தாமலே, ஈராண்டில் பேசத் தொடங்கிவிடுகிறது. எழுத்தோ மனிதன் ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடித்த ஒரு கருவி. அதற்கென்று மூளையில் தனியிடம் பிறவியில் அமைக்கப்படவில்லை. கண் கண்ட வடிவத்தையும் காது கேட்ட ஒலியையும் பிணைக்கும் பாதையைப் பயிற்சியால்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர்க்கு இப்பாதை ஓரிரு ஆண்டுகளில் அமைந்துவிடும். சிலர்க்கு அது கல்லும் முள்ளுமாகவே கிடக்கும். சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்துணரும் திறன் இவர்களுக்குக் குறைவாக இருப்பதே பெரும்பாலும் அடிப்படைக் காரணம். 'வண்டு' என்பதில் முதலெழுத்தை எடுத்துவிட்டு 'ந' சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்டால், மற்றப் பிள்ளைகள் 'நண்டு' என்று சிரித்துக்கொண்டே சொல்வர்; இவன் திகைப்பான். இது குடும்பத்தில் வழிவழியாக வருவதும் உண்டு. பிரம்பை எடுக்கும் தந்தையர் தம் பள்ளிநாள்களைச் சற்றே நினைத்துப் பார்த்தால், பிள்ளையின் குறை எங்கிருந்து வந்தது என்பது சில வீடுகளில் விளங்கிவிடும்.

அறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கூர்த்த அறிவுடையவர்க்கும் இருக்கும், இடைத்தரமானவர்க்கும் இருக்கும்.

'இஃது ஆங்கிலம் படிப்பவர்க்கு வரும் தொல்லை; எழுதுவதுபோலவே ஒலிக்கும் நம் தமிழில் இதற்கு இடமேது?' என்று சிலர் வினவுவர். இவ்வினாவிற்குச் சற்று விரிவாகவே விடை கூற வேண்டும். 2001-ஆம் ஆண்டில் ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மும்மொழியினரையும் வைத்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு வெளிவந்தது. இத்தாலிய எழுத்து ஒலிக்கு இணங்கி நிற்பது. ஆதலின் டிஸ்லெக்ஸியா உடைய இத்தாலியர் மற்ற இருவரையும்விட நன்றாகவே படித்தனர். ஆனால் படிக்கும்போது மூளையில் வேலை குறைந்திருந்த இடம் மூவர்க்கும் ஒன்றே. அதாவது குறை ஒன்றுதான். மொழிக்கேற்ப அதன் முகம் மாறுகிறது. ஆங்கிலத்தில் பிழையாக வெளிப்படுவது, ஒழுங்கான எழுத்துடைய மொழிகளில் மிகுதியும் மெதுவாகப் படிப்பதாக வெளிப்படும். 'தப்பில்லாமல் படிக்கிறான், ஆனால் ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரமாகிறது' என்று சொல்லப்படும் பிள்ளையையும் ஐயுறத்தான் வேண்டும்.

மேலும் நம் எழுத்து நாம் பெருமைப்படும் அளவுக்கு எளியதுமன்று. எழுத்துகள் இருநூற்று நாற்பத்தேழு. 'கை' என்று எழுதும்போது காதில் பின்னே கேட்கும் ஒலிக்குரிய குறி கண்ணுக்கு முன்னே நிற்கிறது. 'கொ' என்பதிலோ முன்னும் பின்னும் நின்று நடுவிலுள்ள எழுத்தைக் காவல் காக்கிறது. 'கௌ' என்பதன் பின்பாதி 'ள' போலவே இருக்கிறது. காலுக்கும் 'ர'வுக்கும் ஒரு சிறு வால்தான் வேறுபாடு. ல, ள, ழ. ன, ண, ந. ர, ற என்பவற்றைப் பலர் பேச்சில் வேறுபடுத்துவதே இல்லை. காதில் விழாத வேற்றுமையைக் கையில் எப்படிக் கொண்டுவருவான் பையன்? 'கல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. இத்தனைக்கும் மேலாக, வீட்டில் 'போறேன்' என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் 'செல்கிறேன்' என்று படிக்க வேண்டும். தெரிந்த சொல்லானால் முதலெழுத்தைக் கண்டு மீதியை ஊகித்துவிடலாம். புத்தகத் தமிழில் அந்த ஊகமும் கைகொடுப்பதில்லை.

எழுத்து மாற்றத்துக்கு உட்படாத புனிதப் பொருள் என்று எண்ண வேண்டா. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் கண்ணால் பிரித்தறியும்படி குறிகளைத் திருத்தியவர் வீரமாமுனிவர் என்பதை நம் வாசகர் நன்கறிவர். 1978-இல் தமிழக அரசு ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய தனி வடிவங்களை நீக்கி மற்ற எழுத்துகளோடு ஒத்துப்போகச் செய்தது. அவ்வடிவங்களில் படித்த தாத்தா பாட்டிமார் முகம் சுளித்திருக்கலாம். எழுத்தோடு போராடும் பிள்ளைக்கோ ஏழு பகைவர் குறைந்தனர்.

இனி, வீட்டில் செய்யத்தக்கவை. அமெரிக்காவில் 1920-களில் சாமுவேல் ஆர்ட்டன் என்னும் மருத்துவர் இப்பிள்ளைகளை ஆராய்ந்தார். பின்னர் அன்னா கில்லிங்ஹாம் என்னும் ஆசிரியை அவரோடு சேர்ந்து ஒரு கற்பிப்பு முறையை வகுத்தார். ஓர் எழுத்தைக் கண்ணால் காண்பதோடு நில்லாமல், வாயால் ஒலித்து, அவ்வொலியைக் காதால் கேட்டு, விரலால் வரைந்து, நான்கு வாயில்களாலும் உள்ளே செலுத்துவதே அதன் சாரம். எளியதிலிருந்து அரியதற்கு ஒழுங்காகப் படியேறுவது. முன்படி உறுதியான பின்னரே அடுத்த படி. இன்றளவும் உலகெங்கும் சிறப்பாசிரியர் பலர் கையாள்வது இவ்வழியில் வந்த முறைகளையே.

இதைப் படிக்கும்போது நம் பாட்டன்மாரின் திண்ணைப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரவில்லையா? மணலைப் பரப்பி, விரல் பிடித்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அல்லவா 'அ'னா எழுதினார்கள்! சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு, நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தி, 1797-இல் இலண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். நாம் கைவிட்டதை மேல்நாட்டார் வேறு பெயரில் திருப்பித் தரும்வரை நமக்கு அதன் அருமை தெரிவதில்லை. அக்காலப் பள்ளியில் கோதண்டம், பிரம்பு போன்ற கொடுமைகளும் இருந்தன. அவற்றைத் திரும்ப அழைக்க வேண்டியதில்லை.

ஒரு தாம்பாளத்தில் மணலோ ரவையோ பரப்புங்கள். பிள்ளை 'ப' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் பெரிதாக எழுதட்டும். முதல் நாளே உயிரெழுத்துப் பன்னிரண்டையும் கொட்டிவிடாதீர்கள். ப, ட, ம மூன்று போதும். புள்ளி வைக்கவும் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்கள் பிறந்துவிடும். தானே ஒரு சொல்லைக் கட்டிப் படித்தோம் என்ற மகிழ்ச்சி, பத்து நாள் கழித்து வரும் பாராட்டைவிடப் பெரிது. மயக்கம் தரும் இணைகளை ஒரே நாளில் கற்பிக்க வேண்டா. 'ல' வேரூன்றிய பின்னர், சில வாரம் கழித்து 'ள' வரட்டும். எழுத்து அட்டைகளைச் செய்து, 'வண்டு'வை 'நண்டு'வாகவும் 'துண்டு'வாகவும் மாற்றி விளையாடுங்கள். ஊர்தியில் செல்லும்போதும் அடுக்களையில் கீரை ஆயும்போதும் 'க'வில் தொடங்கும் சொற்களைப் போட்டியாகச் சொல்லலாம். இதற்குப் புத்தகமே வேண்டா.

நாள்தோறும் பதினைந்து மணித்துளி. அதற்கு மேல் வேண்டா. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் உட்கார வைத்துப் பழி தீர்ப்பதால் பயனில்லை. நீண்ட சொற்களைப் பென்சிலால் பிரித்துக் கோடிட்டுக் கொடுங்கள்; 'சென்றுகொண்டிருந்தார்கள்' என்பது நமக்கு ஒரு சொல், அவனுக்கோ ஒரு கோட்டைச்சுவர். நீங்களும் அவனும் சேர்ந்து ஒரே குரலில் படியுங்கள். அவன் தடுமாறும் இடத்தில் சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டு மேலே செல்லுங்கள். பிழையாய் எழுதிய சொல்லை ஐம்பது முறை எழுதச் சொல்வது பழைய வழக்கம். எட்டாம் முறையிலேயே அவன் கை வேறொரு பிழையைச் செய்யத் தொடங்கி, மீதி நாற்பத்திரண்டு முறையும் அதையே மனத்தில் பதித்துவிடும்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. படிக்க இயலாத பிள்ளை அறிவுக்குப் பட்டினி கிடக்கக் கூடாது. வரலாறும் அறிவியலும் கதையும் அவன் காதின் வழியே உள்ளே செல்லட்டும். பாட்டி படித்துக் காட்டலாம். அக்காள் படித்துக் காட்டலாம். அச்சிட்ட பக்கத்தை உரக்கப் படிக்கும் வசதி இன்று கைப்பேசியிலேயே உண்டு. எழுத்துக் கூட்டும் பாடம் ஒருபுறம் தன் நடையில் நடக்கட்டும். அது முடியும்வரை மற்ற அறிவெல்லாம் வாயிலில் காத்து நிற்க வேண்டுமென்பது என்ன நியாயம்?

பிரம்பைப் பற்றி நாம் எழுதியே ஆக வேண்டும். கால் ஊனமுற்ற பிள்ளையை ஓடவில்லை என்று அடிக்கும் தந்தை எவரும் இல்லை. ஏனெனில் ஊனம் கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே தெரிவதில்லை; ஆதலின் முயற்சியில்லை என்று முடிவு கட்டுகிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. வகுப்பிலேயே மிக அதிகமாக உழைப்பவன் அவன்தான். மற்றவர் மூச்சுவிடுவதுபோல் செய்யும் ஒன்றை அவன் மலையேறுவதுபோல் செய்கிறான். மாலையில் களைத்து வருபவனை நாம் பெயர் சொல்லி இழிவுபடுத்துகிறோம். நாளடைவில் அவன் ஓர் உபாயம் கண்டுபிடிக்கிறான்: மக்கு என்று பெயர் வாங்குவதைவிடப் போக்கிரி என்று பெயர் வாங்குவது மேல். வகுப்பில் குறும்பு செய்தால் வெளியே நிறுத்துவார்கள். வெளியே நின்றால் எழுந்து படிக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை தோறும் வரும் வயிற்றுவலிக்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும். பெண் பிள்ளைகளோ பெரும்பாலும் குறும்பும் செய்வதில்லை. மூலையில் அமைதியாக அமர்ந்து, பாடத்தை மனப்பாடம் செய்து, படிப்பதுபோல் நடித்து, எவர் கண்ணிலும் படாமலே போய்விடுகிறார்கள். அடக்கமான பெண் என்று நாம் பாராட்டும் சிறுமியையும் ஒரு முறை அறியாத பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தனியாக, பிறர் முன்னிலையில் அன்று. மறைக்கல்வி வகுப்பிலும் ஆண்டுவிழா மேடையிலும் முன்னறிவிப்பின்றி எழுப்பி வாசிக்கச் சொல்லும் வழக்கத்தை ஆசிரியர்கள் அன்புகூர்ந்து விட்டுவிடலாம்.

விடுதி பற்றி: 2007-இல் வெளிவந்த 'தாரே ஜமீன் பர்' என்னும் இந்தித் திரைப்படத்தை வாசகர் பலர் பார்த்திருப்பர். எட்டு வயதுச் சிறுவனை இதே காரணத்துக்காக விடுதிக்கு அனுப்பும் கதை. வீட்டைவிட்டுப் பிரிந்த அப்பிள்ளையின் முகம் வாடுவதைக் காட்டியதில் அப்படம் நாட்டுக்கு நல்லதொரு தொண்டு செய்தது. ஆனால் ஓவிய ஆசிரியர் ஒருவர் வந்ததும் சில காட்சிகளுக்குள் பையன் எழுதப் படிக்கத் தேறிவிடுகிறான். திரையில் காலம் விரைவாக ஓடும். வாழ்வில் இது பல ஆண்டு வேலை. முற்றிலும் மறைந்து போவதும் இல்லை. வளர்ந்த பின்னும் அவன் மெதுவாகவே படிப்பான், எழுத்துப்பிழை உடன்வரும். அதோடு வாழவும் வெல்லவும் கற்றுக்கொள்வான் என்பதே நாம் நேர்மையாகச் சொல்லத்தக்கது.

இவ்விடத்தில் ஐன்ஸ்டைனும் எடிசனும் டாவின்சியும் டிஸ்லெக்ஸியா உடையவர்கள் என்று எழுதுவது வழக்கம். நாம் எழுதப்போவதில்லை. மறைந்தவர்களைச் சோதித்துப் பார்த்தவர் எவருமில்லை. உறுதியாகத் தெரிந்தவர்களே போதுமான அளவில் இருக்கும்போது ஐயத்துக்கிடமானவர் எதற்கு? சுவிட்சர்லாந்தின் ஷாக் துபோஷே 2017-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். தம் மாநிலத்தில் டிஸ்லெக்ஸியா என்று அதிகாரபூர்வமாகக் குறிக்கப்பட்ட முதல் மாணவன் தாமே என்று தம் வாழ்க்கைக் குறிப்பில் வேடிக்கையாகவே எழுதிக்கொண்டார். அமெரிக்காவின் கரோல் கிரைடர் சிறுமியாயிருக்கையில் எழுத்துக்கூட்டத் தெரியாமல் தனி வகுப்பில் அமர்த்தப்பட்டுத் தம்மை மந்தபுத்தி என்றே நம்பியவர். நுழைவுத்தேர்வில் மதிப்பெண் குறைந்ததால் பல பல்கலைக்கழகங்கள் அவரைச் சேர்க்க மறுத்தன. சேர்த்துக்கொண்டவற்றுள் ஒன்று பெர்க்லி. அங்கே 1984-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று ஆய்வுக்கூடத்தில் அவர் கண்ட முடிவுக்கு 2009-இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் பிள்ளைகள் அனைவரும் நோபல் பரிசு பெற வேண்டும் என்று இதைக் கூறவில்லை. மின்விசிறியின் பழுதைக் கண்டுபிடிக்கும் சிறுவன் நல்லதொரு மின்பணியாளனாகித் தலைநிமிர்ந்து நடந்தால் அதுவும் வெற்றியே.

மருந்து என்று சொல்லி வருவோரிடம் விழிப்பாயிருங்கள். இதற்கு மாத்திரையும் இல்லை, தைலமும் இல்லை. கண் பயிற்சியாலும் வண்ணக் கண்ணாடியாலும் இது நீங்கும் என்பதற்குச் சான்றில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-இல் கூட்டாக அறிவித்தனர். எனினும் கண்ணையும் காதையும் முதலில் ஒரு முறை சோதித்துவிட வேண்டும். பார்வைக் குறையும் கேள்விக் குறையும் வேறு தொல்லைகள், அவற்றுக்கு வேறு வழி உண்டு. ஐந்தாறு வயதில் எழுத்தைத் திருப்பி எழுதுவதைக் கண்டும் அஞ்ச வேண்டா. எல்லாப் பிள்ளைகளும் செய்வதே. இரண்டாம் வகுப்பு முடிந்தும் எழுத்தும் ஒலியும் ஒட்டவில்லையென்றால் உளவியல் வல்லுநரிடம் காட்டலாம். உறுதியான முடிவு பெரும்பாலும் எட்டு வயதளவில்தான் கூறப்படும். ஆனால் மணல் தாம்பாளத்துக்கு எந்த முடிவும் தேவையில்லை, இன்றே தொடங்கலாம்.

சட்டமும் இன்று நம் பக்கம் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இக்குறைக்கு இடமில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட இருபத்தொரு வகைகளுள் கற்றல் குறைபாடும் ஒன்றாயிற்று. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தருபவர், மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. தேர்வு வாரியத்துக்கு வாரியம் இவை சிறிது மாறும். 'ஊனச் சான்றிதழ் வாங்கினால் நாளைக்குப் பெண் கொடுப்பார்களா?' என்று தயங்கும் பெற்றோரை நாம் அறிவோம். கண்ணாடி அணிந்து தேர்வெழுதும் பிள்ளைக்கு எவரும் பெண் கொடுக்க மறுப்பதில்லை. கூடுதல் நேரமும் அத்தகைய ஒரு கண்ணாடியே.

அரசுப் பள்ளிப் பிள்ளையானால் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரை நாடுங்கள். சென்னையில் 1990-களின் தொடக்கத்தில் தோன்றிய மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளிக்கிறது. தம் ஆசிரியர்களுள் ஒருவரையேனும் அத்தகைய பயிற்சிக்கு அனுப்பும்படி பள்ளி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். சான்றிதழுக்கு அரசு மருத்துவமனையில் விண்ணப்பிக்க வேண்டும். சோதனைகள் ஒரே நாளில் முடிவதில்லை, ஒன்றுக்கு மேற்பட்ட முறை செல்ல நேரிடும். பின்னர்ப் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பம் போக வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஒரு திங்கள் இருக்கையில் ஓடிப் பயனில்லை. பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே தாள்களைத் திரட்டத் தொடங்குங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு படிகள் எடுத்து வீட்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.